ஏழு பேருக்கும் ஒரே டயட் சார்ட் சரியா?

கேள்வி: எனக்கு 46 வயது. ஈரோட்டில் இருக்கிறோம். எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேர் மூன்று மாதமாகக் காலையில் சேர்ந்து நடக்கப் போகிறோம். எங்களில் ஒருத்தி ஆன்லைனில் பணம் கட்டி ஒரு டயட் சார்ட் வாங்கினாள். அதையே ஏழு பேரும் பின்பற்றுகிறோம். எழுந்ததும் க்ரீன் ஜூஸ், மதியம் சோறு இல்லாமல் காய்கறியும் கொஞ்சம் பருப்பும், இரவு வெறும் சூப். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டு மொட்டைமாடியில் எல்லோரும் எடை பார்த்து, வாட்ஸ்அப் குரூப்பில் போடுவோம். பக்கத்து வீட்டுத் தோழி (வயது 38) முதல் மாதமே ஆறு கிலோ குறைந்தாள். எனக்கு ஒன்றரைக் கிலோதான். நான் காலையில் தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் எடுக்கிறேன். மாதவிலக்கு முன்னே பின்னே வருகிறது. எங்களில் மூத்தவரான அக்காவுக்கு 58 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் ராத்திரி அவருக்குக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. உடம்பில் இருக்கும் கழிவு வெளியேறுகிறது என்று குரூப்பில் சொன்னதால் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தோம். புதிதாகக் கல்யாணமாகி வந்த 24 வயதுப் பெண் ஒருத்தி, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது. அவள் எடை கூடியிருப்பதைக் குரூப்பில் போட்டதிலிருந்து நடக்க வருவதில்லை. என் கணவர், "எல்லாம் ஒரு மாசக் கூத்து, கலைச்சுட்டு வீட்டைப் பாருங்க" என்கிறார். கலைத்துவிடலாமா? ஐப்பசியில் சஷ்டி விரதமும் சேர்ந்து இருக்கலாம் என்று நினைத்திருக்கிறோம். அதற்கும் யோசனை சொல்லுங்கள்.

பதில்: உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் எடை பற்றித்தான் இருக்கிறது. நான் அக்காவிடமிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், அவர் விஷயம் பொறுக்காது.

கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, இவையெல்லாம் ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோனதன் அடையாளங்கள். 'லோ சுகர்' என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்களே, அதுதான். கழிவு வெளியேறுகிறது என்ற பேச்சை இதோடு குரூப்பில் நிறுத்திவிடுங்கள். உடம்பின் கழிவைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஜூஸ் குடிக்காத நாளிலும் வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

அக்கா சாப்பிடும் மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு என்ற பெயர்களில் ஏதாவது அட்டையில் இருக்கிறதா பாருங்கள். கடைப் பெயர் வேறாக இருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். இந்த வகை மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. இட்லி சாப்பிட்டீர்களா, வெறும் சூப் குடித்தீர்களா என்று அவை பார்ப்பதில்லை. மூன்று வேளை சோறும் டிபனும் சாப்பிடும் ஆளுக்குக் கணக்குப் பண்ணி டாக்டர் எழுதிய அளவு அது. சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டு மாத்திரையை முழுதாகப் போட்டால் ராத்திரியில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். தூக்கத்தில் இறங்கினால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாமல் போகலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் நம் ஊரில் இரண்டு மூன்று மருந்துகள் ஒரே மாத்திரையில் கலந்து வருவது சகஜம்.

இன்னொரு முறை அப்படி வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் பார்க்கவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் நிறையக் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகவில்லையென்றால் இன்னொரு தடவை. தெளிந்த பிறகு இரண்டு இட்லியோ ஒரு கை சோறோ சாப்பிட வேண்டும். குளுக்கோஸ் பொடி இல்லாத இடத்தில் சர்க்கரைத் தண்ணீரும் உதவும். ஆனால் அக்காவின் மாத்திரையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் கலந்திருந்தால் வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. சர்க்கரை உடைந்து குளுக்கோஸ் ஆவதைத்தான் அந்த மருந்து தாமதப்படுத்துகிறது. அதனால் மருந்துக்கடையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி அவர் பையிலேயே போட்டுவிடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். புரையேறிவிடும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயர்கள் அட்டையில் இருந்தால் வேறு ஒரு எச்சரிக்கை. இந்த மருந்து எடுப்பவர்கள் சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடக்கூடும். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது, அதனால் வீட்டில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது என்று தொடங்கும்.

ஆகவே இந்த வாரமே உங்களில் ஒருவர் அக்காவைக் கூட்டிக்கொண்டு அவருடைய டாக்டரிடம் போங்கள். மாத்திரை அட்டை, டயட் சார்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். மாத்திரையை அவராகவே நிறுத்தக்கூடாது. அளவோடு சாப்பிட்டு, தினமும் நடந்து, சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தால் டாக்டரே மாத்திரையைக் குறைப்பார். அதுவரை அக்கா ராத்திரி சூப்பை நிறுத்திவிட்டு, பழையபடி டிபன் சாப்பிடட்டும்.

சரி, இப்போது உங்கள் ஒன்றரைக் கிலோவுக்கு வருவோம்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். காபியும் கூடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நீங்கள் கால்சியத்தையும் காலையிலேயே எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள், எழுந்ததும் க்ரீன் ஜூஸ் வேறு. தைராய்டு மாத்திரை பாதி உடம்பில் சேராமலே போயிருக்க வாய்ப்பு உண்டு. கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள், அதற்கு முன் பார்த்துப் பயனில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிலோ, அதிலும் நிறைய உப்பும் நீரும்தான். ஒருவருக்குப் பதினைந்து கிலோ கூடியிருந்தால் அத்தனையையும் தைராய்டு தலையில் போட்டுவிட முடியாது. உங்கள் மாத்திரை வேறு யாருக்கும் கைமாறவும் கூடாது. எடை குறையும் என்று தோழியிடம் தைராய்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நெஞ்சு படபடப்போடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுத் தோழியின் ஆறு கிலோவைப் பார்த்து நீங்கள் மனம் நொந்திருக்கிறீர்கள். நம் உடம்பு மாவுச்சத்தைக் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் அந்த இருப்பு கரையும்போது தண்ணீரும் போய்விடுகிறது. எடை மெஷினில் இரண்டு மூன்று கிலோ இறங்கிவிடும், கொழுப்பு அவ்வளவு குறைந்திருக்காது. திரும்பச் சோறு சாப்பிட்ட வாரத்தில் அந்தத் தண்ணீர் திரும்ப வரும். மிச்சம் குறைந்ததில் தசையும் கொஞ்சம் போயிருக்கும். அவளுக்கு இன்னும் இரண்டு மாதத்தில் தலைமுடி கொத்தாக உதிர ஆரம்பித்தால் ஷாம்புவைக் குற்றம் சொல்ல வேண்டாம். பட்டினியின் பலன் முடியில் தெரிய அவ்வளவு நாள் ஆகும். வேகமாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது போதும். உங்கள் வயதில், மாதவிலக்கு மாறிக்கொண்டிருக்கும் காலத்தில், உடம்பு நீரைப் பிடித்துவைப்பதால் வாரத்துக்கு வாரம் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் எடை மெஷினைவிட்டு பிளவுஸ் தைக்கிற இஞ்ச் டேப்பை எடுப்பேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் வைத்து மாதம் ஒரு தடவை அளந்தால் போதும். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செண்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம், எல்லைக்கோடு.

மாதவிலக்கு முன்னே பின்னே வருவது 46 வயதில் வியப்பில்லை. ஆனால் நாப்கின் மணிக்கு ஒன்று மாற்ற வேண்டியிருந்தாலும், இடையில் ரத்தப்போக்கு வந்தாலும், ஒரு வருடம் நின்று திரும்ப வந்தாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இது குரூப்பில் கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை.

இனி அந்த டயட் சார்ட். அதை எழுதியவர் உங்கள் ஏழு பேரில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. 24 வயதில் குழந்தைக்காகக் காத்திருப்பவரும் 58 வயதில் சர்க்கரை உள்ளவரும் எப்படி ஒரே தட்டில் சாப்பிட முடியும்? மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்திருப்பீர்கள். 1989-ல் தருமபுரியில் ஆரம்பித்தது, இன்று ஊர் ஊராக இருக்கிறது. அங்கே கூட்டம் ஒன்றாகத்தான் நடக்கும், ஆனால் கடன் தவணை ஆளாளுக்கு வேறு. உங்கள் குரூப்பும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

சோற்றை எதிரியாக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. தட்டில் சோறு இருப்பதைவிட, சோற்றோடு வேறு எதுவும் போதுமான அளவு இல்லாததுதான் நம் வீட்டுப் பெண்களின் பிரச்சினை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). ஒரு சாதாரண நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலையில் மூன்று இட்லி, ஆறு கிராம். மதியம் சோறும் சாம்பாரும், பத்து அல்லது பதினொன்று. இரவு இரண்டு தோசை, ஐந்து. இரண்டு வேளைக் காபியில் இருக்கும் பால், ஐந்து. முப்பதைக்கூட எட்டவில்லை. முட்டை பிள்ளைகளுக்கு, மீன் துண்டு வீட்டுக்காரருக்கு, சாம்பாரில் அடியில் தங்கும் பருப்பு முதலில் சாப்பிட்டவர் தட்டுக்கு. கடைசியில் உட்காருகிறவருக்கு மேலாக நிற்கும் தண்ணிச் சாம்பாரும், வீணாகிவிடுமே என்று இரண்டு கரண்டி கூடுதல் சோறும். பசி அடங்காததால் நான்கு மணிக்கு டீயோடு முறுக்கு, பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசை. இப்படித்தான் எடை ஏறுகிறது. இதில் சோற்றை மட்டும் பிடுங்கிவிட்டுச் சூப் கொடுத்தால் மிச்சமிருந்த சத்தும் போய்விடும்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு எடை அதிகம், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டும் சேர்ந்தே ஒரே உடம்பில் இருப்பதை நான் தினமும் பார்க்கிறேன். எடை அதிகம் என்பதால் சத்து அதிகம் என்று ஆகிவிடாது. குறைக்க வேண்டியதோடு கூட்ட வேண்டியதும் இருக்கிறது.

எனவே மதியம் சோறு சாப்பிடுங்கள். ஒரு கப் போதும், ஆனால் அதே அளவுக்கு மேல் பொரியலோ கூட்டோ, ஒரு கப் கெட்டிப் பருப்பு அல்லது முட்டை, மீன், தயிர் ஏதாவது ஒன்று இருக்கட்டும். சாப்பிட உட்காரும் முன் உங்கள் பங்கு பருப்பைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். சுயநலம் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். கீரையோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். அதிலிருக்கும் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கொள்ளு ரசம் வைத்தால் கொழுப்புக் கரையும் என்று உங்கள் குரூப்பிலும் வந்திருக்கும், எல்லா குரூப்பிலும் வருகிறது. கொள்ளு எதையும் கரைக்காது. ஆனால் புரதமும் நார்ச்சத்தும் உள்ள நல்ல பயறு. சுண்டலாகவோ துவையலாகவோ சாப்பிட்டால் வயிறு நிறையும், முறுக்கு டப்பா பக்கம் கை போகாது. க்ரீன் ஜூஸை வடிகட்டிக் குடிப்பதைவிட அதே கீரையைக் கடைந்து சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறோ கல்லோ உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்த ஜூஸ்களைத் தொடவே கூடாது.

ஏழு வீட்டிலும் ஒரே மாதிரி செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது: எண்ணெய்க் கணக்கு. ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். நான்கு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர், நெய்யும் வெண்ணெயும் இதற்குள்தான். ஒரு லிட்டர் எண்ணெயில் எட்டாயிரம் கலோரிக்கு மேல் இருக்கிறது. அடுத்த மாத மளிகைச் சீட்டை வைத்துக்கொண்டு யார் வீட்டில் எத்தனை லிட்டர் என்று பேசிப் பாருங்கள். நான்கு லிட்டர் வாங்கும் வீடுகள் நிச்சயம் இருக்கும். எடையைச் சொல்லும்போது குறுகிப்போகிறவர்கள், எண்ணெயைச் சொல்லும்போது சிரிப்பார்கள். யாருக்கும் வலிக்காது, குறைத்தால் வீட்டில் எல்லோருக்கும் நல்லது. உங்களுக்கு மட்டும் தனிச் சமையல், வீட்டுக்கு வேறு சமையல் என்று இரண்டு அடுப்பு எரிக்கிற வேலையும் இல்லை. தனிச் சமையல் டயட் எதுவும் பத்து நாளுக்கு மேல் ஓடாது. அந்த விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

கலைத்துவிடச் சொல்வதில் இல்லை. 1961-ல் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி எடை குறைக்க நகரச் சுகாதாரத்துறையின் கிளினிக்குக்குப் போனார். அங்கே கொடுத்த உணவுச் சீட்டைப் பின்பற்றினார், எடையும் இறங்கியது. ஆனால் ஒளித்துவைத்து பிஸ்கட் தின்பதைக் கிளினிக்கில் சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொல்வதற்காகத் தோழிகள் ஆறு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டார். அவர்களுக்கும் அவரவர் ரகசியங்கள் இருந்தன. வாராவாரம் கூடினார்கள், கூட்டம் பெருகியது, 1963-ல் அது வெயிட் வாட்சர்ஸ் என்ற கம்பெனியாகவே ஆகிவிட்டது. பிறகு நடந்த வியாபாரத்தைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்கள் உண்டு, அது இப்போது வேண்டாம். உணவுச் சீட்டு எல்லா கிளினிக்கிலும் கிடைத்தது. கேலி செய்யாத ஆறு பேர் கிடைத்தது அந்த வீட்டில்தான். உங்களுக்கு அது தெருவிலேயே கிடைத்திருக்கிறது. அதைத்தான் அந்த 24 வயதுப் பெண்ணிடம் இழந்துவிட்டீர்கள்.

அவள் வராததற்குக் காரணம் சோம்பல் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி மாமியார் வீட்டிலிருந்து பக்கத்து வீடு வரை எல்லோரும் பேசுகிறார்கள். 'விசேஷம் ஏதாவது உண்டா' என்ற கேள்வி வேறு. தப்பித்து வந்த இடத்திலும் எடையை எழுதி ஒட்டினால் எங்கே போவாள்? பிசிஓடி உள்ளவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் எடை ஏறுவது சுலபம், இறங்குவது கஷ்டம். பட்டினி கிடந்தால் மாதவிலக்கு இன்னும் தள்ளிப்போகும். இப்போதிருக்கும் எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம், மெதுவாக, நான்கைந்து மாதத்தில் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிவிடும். 70 கிலோ என்றால் மூன்றரைக் கிலோவே போதும் ஆரம்பத்துக்கு. குழந்தைக்கு முயற்சி செய்கிறார்கள் என்றால் ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்க வேண்டும், டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

அவளைக் கூப்பிட ஆறு பேரும் திரண்டு போகாதீர்கள். யாரிடம் அவள் கொஞ்சம் மனம்விட்டுப் பேசுவாளோ அவர் மட்டும் போகட்டும். மாமியார் எதிரில் பேச வேண்டாம். 'எடையைக் குரூப்பில் போட்டது தப்பு, இனிமேல் யாருடையதும் வராது' என்று சொன்னால் போதும், டயட் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அதற்கு முன் குரூப்பில் பழைய எடைக் கணக்கையெல்லாம் அழித்துவிடுங்கள். யாருடைய ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்துப் போடக்கூடாது என்று ஒரு பேச்சும், மாத்திரை பற்றிய கேள்விக்கு 'டாக்டரிடம் கேள்' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை என்று ஒரு பேச்சும் வைத்துக்கொள்ளுங்கள்.

புகழ்ச்சியிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'அட, இளைச்சுட்டியே, என்ன பண்ணினே?' என்று கேட்பது நமக்குப் பாராட்டு. ஒன்றும் பண்ணாமலே ஒருவர் இளைத்தால் அது சர்க்கரை நோயாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், தைராய்டு அதிகமாகச் சுரப்பதாக இருக்கலாம். முயற்சி இல்லாமல் இறங்கும் எடைக்கு வாழ்த்துச் சொல்லாமல் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஏழு பேர் சேர்ந்தால் எடையைவிடப் பெரிய காரியங்கள் ஆகும். நம் வீடுகளில் கணவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றே ஆஸ்பத்திரி, பெண்ணுக்கு என்றால் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு சமையல். தனக்காக லேபுக்குப் போக எந்தப் பெண்ணுக்கும் நேரம் கிடைப்பதில்லை, ஆனால் தோழிக்குத் துணையாகப் போக நேரம் கிடைத்துவிடும். இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஏழு பேரும் சேர்ந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதற்குத் தனியாகப் போகக் கூச்சப்படுகிறவர்கள் ஏழு பேராகப் போனால் பேசிச் சிரித்துக்கொண்டே முடித்துவிட்டு வருவார்கள். அக்கா பல வருடமாக மெட்ஃபார்மின் எடுப்பவர் என்றால் வைட்டமின் பி12 அளவும் பார்க்கச் சொல்லுங்கள். கால் மரத்துப்போவதற்குச் சர்க்கரையைத் தவிர அதுவும் காரணமாக இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. நடக்க வராமல் நின்றுவிடும் பெண்களில் சிலர், வேகமாக நடந்தாலோ தும்மினாலோ சிறுநீர் கசிகிறது என்பதற்காகவே நிற்கிறார்கள். இரண்டு மூன்று பிரசவமான பிறகு இது நிறையப் பேருக்கு உண்டு. வெளியே கழிப்பறை இருக்காது என்று தண்ணீரே குடிக்காமல் வருவார்கள், நீர்க்கடுப்பு வரும். இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சி எளிது. சிறுநீரை அடக்குவதுபோல் ஐந்து நொடி இறுக்கி, ஐந்து நொடி தளர்த்த வேண்டும். பத்துப் பத்தாகத் தினமும் மூன்று வேளை, உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். யாராவது ஒருவர் 'எனக்கு இருக்கிறது' என்று முதலில் சொல்லிவிட்டால், எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அன்றே தெரிந்துவிடும்.

நடையை விட வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, நீங்கள் ஏற்கெனவே அதைத் தாண்டியிருப்பீர்கள். முடிந்த பிறகு கைப்பிடி இல்லாத நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள். நாற்பதுக்கு மேல் கரையும் தசையை நடை மட்டும் காப்பாற்றாது. சாயந்திரம் யாராவது ஒரு வீட்டில் முறை வைத்துச் சுண்டல் வேகவையுங்கள், ஏழு கிண்ணம். ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு ஒரு வேலை கிடைத்தது.

கடைசியாக, சஷ்டி விரதம். ஆறு நாள் பாலும் பழமும் எடுத்துக்கொண்டோ, ஒருவேளை உணவோடோ இருப்பது, வேறு நோய் இல்லாத உங்கள் பக்கத்து வீட்டுத் தோழிக்குப் பிரச்சினை இல்லை, தண்ணீர் மட்டும் குறையக்கூடாது. நீங்களும் இருக்கலாம். தைராய்டு மாத்திரையை மட்டும் விரத நாளிலும் விடாதீர்கள். ஹீமோகுளோபின் குறைவாக வந்தவர்கள் இந்த வருடம் ஒருநாள் விரதத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். புதுப்பெண் நாள் தள்ளியிருந்தால் முதலில் பரிசோதனை, பிறகுதான் விரதம். அக்கா டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளைகூடத் தவிர்க்கக்கூடாது. அவர் கேட்டால் டாக்டர் வேண்டாம் என்றுதான் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் அவருக்கு மனசு கஷ்டமாக இருக்கும், வருடா வருடம் இருந்தவராக இருப்பார். கோயிலுக்குக் கிளம்பும் முன் இன்னொருத்தியும் அவரோடு உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தால், தான் ஒருத்தி மட்டும் சாப்பிட்டோமே என்ற சங்கடம் அவருக்கு இருக்காது.